எங்க தெரு 'ஆர்மி'யும் அடுப்படி 'கேரட்'டும்!



ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தால் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. அதுவும் சினிமா ரசிகர், கிரிக்கெட் ரசிகர், இப்போது கொரியா பாட்டு ரசிகர் என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகள் சொல்லித் திரியும் பட்டப்பெயர்கள், நம் அடுப்படியிலும் ஆபீசிலும் புழங்குகிற சொற்களோடு மோதிக்கொள்ளும்போது நடக்கும் கூத்து இருக்கிறதே... எழுதினால் இந்த மலர் முழுவதும் போதாது!

ஆனால் சிரிப்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. பிள்ளைகள் வாயிலிருந்து புரியாத ஒரு சொல் வந்தால், நாமாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. 'அப்படின்னா என்ன கண்ணு?' என்று கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் எத்தனை வீட்டில் வீண் சண்டை, வீண் அழுகை என்பதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் 'ஃபேன்' என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்களேன். கூரையில் சுற்றுவதும் ஃபேன்தான், நடிகருக்குக் கட்-அவுட் வைப்பவரும் ஃபேன்தான். ரெண்டும் ஒண்ணு என்று நினைத்து நம்மவர்கள் தமிழிலும் 'நான் உங்கள் விசிறி' என்று எழுத ஆரம்பித்து, அதுவே நிலைத்தும் விட்டது! ஆனால் ரெண்டுக்கும் உறவே கிடையாது. காற்று வீசுகிற ஃபேனுக்கு லத்தீன் மொழியில் தானியம் புடைக்கிற முறத்தின் பெயர்தான் மூலம். ரசிகரைச் சொல்கிற ஃபேன், வெறி பிடித்தவர் என்று பொருள்படும் 'ஃபனாட்டிக்' என்ற சொல்லின் சுருக்கம் என்கிறார்கள். அந்தச் சொல்லோ, கோயிலைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஒண்ணு முறத்திலிருந்து வந்தது, இன்னொண்ணு கோயிலிலிருந்து வந்தது. வழியில் சந்தித்து ஒரே பெயரை வைத்துக்கொண்டன! தலைப்பிலேயே குழப்பம் என்றால் மீதியைக் கேட்பானேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இப்படி என்று யாரும் சொல்ல வேண்டாம். 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு, நம் அம்மாமார்களும் சித்திமார்களும் வளையல் கடையில் போய் என்ன கேட்டார்கள்? 'நதியா இருக்கா?' என்றுதானே! நதியா வளையல், நதியா கம்மல், நதியா சேலை. எங்கள் சித்தி ஒருத்தி, 'ரெண்டு நதியா உடைஞ்சு போச்சு' என்று அழ, வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா, 'ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளைங்களோ' என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தாராம். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் வளையல் உடைந்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்புறம் வந்ததுதான் குஷ்பு இட்லி. 1991-ல் 'சின்னத்தம்பி' வந்த சமயம், குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயிலே கட்டியதாக ஊரெல்லாம் பேச்சு. (பாருங்கள், ஃபேன் மறுபடியும் கோயிலுக்கே போய்விட்டான்!) கொழுகொழுவென்று, பூப்போல இருக்கிற இட்லிக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அரிசி, உளுந்தோடு ஜவ்வரிசியோ அவலோ சேர்த்து அரைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. இன்றைக்கு எட்டாவது படிக்கிற பிள்ளையிடம் குஷ்பு யார் என்று கேட்டால், 'இட்லிதானே?' என்கிறது. ஆக, சினிமாப் பெயரை அடுப்படிக்குக் கொண்டுவந்து குழப்பியது நாம்தான்! அதற்காக யாரும் நம்மைக் கிறுக்கு என்று ஒதுக்கி வைக்கவில்லையே.

இப்போது ஆண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். வீட்டில் 'தல' என்றால் நமக்கு எண்ணெய் வைக்கிற தலை. அவர்களுக்கு அஜித். 2001-ல் வந்த 'தீனா' படத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். 2021 டிசம்பரில் அஜித்தே, 'என்னைப் பெயர் சொல்லியோ ஏ.கே. என்றோ அழையுங்கள், தல என்று வேண்டாம்' என்று அறிக்கை விட்ட பிறகும் பிள்ளைகள் விட்டபாடில்லை. இது போதாதென்று சென்னை கிரிக்கெட் அணியின் தோனியும் 'தல'. எதிர்வீட்டில் ஐ.பி.எல். ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த பையன், 'ஐயோ, தல போச்சே!' என்று அலறியிருக்கிறான். பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் அப்பத்தா, மஞ்சள்தூள் டப்பாவும் கிழிந்த வேட்டித் துணியுமாக ஓடி வந்து, 'எங்க சாமி அடிபட்டுச்சு?' என்று தலையைப் பிடித்துத் தடவிப் பார்க்கிறார். 'எனக்கில்ல அப்பத்தா, தல அவுட்டு' என்று அவன் கத்த, 'உள்ள இருந்தாத்தான் தல, அவுட்டான அப்புறம் என்ன தல?' என்று கேட்டாரே ஒரு கேள்வி!

'தளபதி' இன்னும் மோசம். ரஜினி ரசிகர்களுக்கு 'தளபதி' என்றால் 1991-ல் மணிரத்னம் எடுத்த படம். தி.மு.க. குடும்பங்களில் தளபதி என்றால் மு.க.ஸ்டாலின். பிள்ளைகளுக்கோ விஜய். முதலில் 'இளைய தளபதி'யாக இருந்தவர், 2017-ல் வந்த 'மெர்சல்' படத்திலிருந்து 'தளபதி' ஆகிவிட்டார். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருந்தால் மூன்று தளபதி! 'டி.வி.யில தளபதி படம் போடறாங்க' என்று பாட்டி சொன்னதைக் கேட்டு, டியூஷனைக் கட் அடித்துவிட்டு ஓடி வந்த பையனுக்கு ரஜினியும் மம்மூட்டியும் காட்சி கொடுத்தால் முகம் எப்படி இருக்கும்? ஆனால் அவன் எழுந்து போகவில்லையாம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்துவிட்டு, 'இந்தத் தளபதியும் நல்லாத்தான் இருக்காரு' என்றானாம். குழப்பத்திலும் ஒரு நன்மை!

2023 ஆகஸ்ட் 23-ந் தேதி சாயங்காலம் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதே, அன்றைக்கு எங்கள் தெருவே டி.வி. முன்னால்தான். 'விக்ரம் இறங்கிடுச்சு!' என்று பிள்ளைகள் கைதட்ட, அப்போதுதான் பால் வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெரியம்மா, 'கமல் படமா, இல்ல அந்த இன்னொரு விக்ரம் நடிச்சதா?' என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. 1986-ல் கமலின் 'விக்ரம்', 2022-ல் இன்னொரு 'விக்ரம்', நடுவில் விக்ரம் என்றே ஒரு நடிகர். நிலாவில் இறங்கிய கலத்துக்கு அந்தப் பெயர், நம் நாட்டு விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாயின் நினைவாக வைத்தது. அதை ஒரு ஆறாவது படிக்கிற பெண் பொறுமையாகச் சொல்ல, பெரியம்மா காதில் வாங்கிக்கொண்டு, 'அட, அப்படிங்களா!' என்று பால் சொம்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தப் பெண்ணைத்தான் ரொம்பப் பிடித்தது. சிரிக்காமல் சொன்னாள் பாருங்கள்!

'கேப்டன்' என்ற சொல்லும் அப்படித்தான். 2023 டிசம்பர் 28-ந் தேதி காலையில், 'கேப்டன் போயிட்டார்' என்று பெரியவர்கள் கலங்கி நின்றபோது, பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் முகம் வெளுத்துப் போய், 'தோனிக்கு என்னாச்சு?' என்று ஓடி வந்தான். அவனைப் பொறுத்தவரை சென்னை அணிக்குத் தோனிதானே கேப்டன். அவன் அம்மா அதட்டவில்லை. மடியில் உட்கார வைத்து, 'இது நம்ம விஜயகாந்த் கண்ணு. 1991-ல 'கேப்டன் பிரபாகரன்'னு ஒரு படம் வந்துச்சு, அதுல இருந்து அவருக்கு அந்தப் பேரு. பசின்னு வந்தவங்களுக்குச் சோறு போட்டவரு' என்று சொன்னார். அன்றைக்கு அந்தப் பையனும் சேர்ந்து அழுதான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொன்னதில் ஒரு மனிதரையே பிள்ளைக்குத் தெரியப்படுத்திவிட்டார் அந்த அம்மா.

இதெல்லாம் நமக்குத் தெரிந்த ஊர், தெரிந்த முகம். அதனால் குழப்பம் சீக்கிரம் தெளிந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளின் கொரியா பாட்டுக் குழு விவகாரத்தில்தான் நாம் திண்டாடிப் போகிறோம்.

2013 ஜூனில் ஆரம்பித்த பி.டி.எஸ். என்கிற குழுவில் ஏழு பையன்கள். அதன் முழுப் பெயருக்கு 'குண்டு துளைக்காத சிறுவர் படை' என்று அர்த்தமாம். அவர்களுடைய ரசிகர்களுக்கு 'ஆர்மி' என்று பெயர். உலகம் பூராவும் ரசிகர்கள் இந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு சீர் வீட்டில், 'நான் ஆர்மி' என்று சொல்ல, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அவள் பெரியப்பா மீசையை முறுக்கிக்கொண்டு, 'சபாஷ்! எந்த ரெஜிமெண்ட்?' என்று கேட்டாராம். விஷயம் தெரிந்ததும் அவருக்கு வந்த கோபத்தில் பந்தியில் வைத்த அப்பளம் நொறுங்கிப் போனது.

இன்னும் கேளுங்கள். செவன்டீன் என்று ஒரு குழு. பெயர்தான் பதினேழு, 2015-ல் ஆரம்பித்தபோது ஆளோ பதிமூணு பேர்! அதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: 13 பேர், 3 பிரிவு, 1 குழு, ஆகக் கூட்டினால் 17. நம் மளிகைக்கடைக்காரர் கணக்குத் தோற்றது! அவர்களுடைய ரசிகர்களுக்குப் பெயர் 'கேரட்'. வைரத்தை எடை போடுகிற கேரட்தான். ஆனால் அடுப்படியில் நிற்கிற அம்மாவிடம், 'அம்மா, நான் இனிமே கேரட்' என்றால், அவர் என்ன சொல்வார்? 'பொரியலா, அல்வாவா?' என்றுதானே கேட்பார்! என்ஹைப்பன் என்று இன்னொரு குழு, அதன் ரசிகர்கள் 'எஞ்சின்'. ஸ்ட்ரே கிட்ஸ் குழுவின் ரசிகர்கள் 'ஸ்டே'. ஆர்மி, கேரட், எஞ்சின், ஸ்டே... ஒரு வகுப்பில் இருக்கிற பெண்களின் கூட்டத்தைப் பார்த்தால் ராணுவம், காய்கறிக்கடை, ரயில்வே, லாட்ஜ் எல்லாம் சேர்ந்த மாதிரி இருக்கிறது!

குழுவில் ஒரு பையன் பெயர் 'சுகா'. கூடைப்பந்தில் 'ஷூட்டிங் கார்டு' என்று ஓர் இடத்தில் ஆடுவாராம். அந்த ரெண்டு சொல்லின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். 'எனக்கு சுகான்னா உயிர்' என்று பேத்தி சொல்வதைக் கேட்டு, மாத்திரை போட்டுக்கொண்டிருந்த பாட்டி, 'சுகர் உனக்கும் வந்துடுச்சா கண்ணு, இந்த வயசுலயா?' என்று கண் கலங்கினார். பிடித்தமான ஆளை 'பயஸ்' என்கிறார்கள். 'என் பயஸ் வர்றான்' என்றால் பாட்டிகள் பாயசத்துக்கு டம்ளரைத் தேடுகிறார்கள். பெண்கள் அண்ணனைக் கூப்பிடுகிற கொரியச் சொல் 'ஒப்பா'. 'ஒப்பா, ஒப்பா' என்று பேத்தி போனைப் பார்த்துக் கத்த, 'விளக்கு வைக்கிற நேரத்துல யாருக்குடி ஒப்பாரி?' என்று அவள் அம்மாயி அதட்டினார். அதே கொரிய மொழியில் அப்பாவுக்கு 'அப்பா'தான், அம்மாவுக்குக் கிட்டத்தட்ட 'அம்மா'தான் என்று பேத்தி சொன்னதும், 'அப்ப நம்ம சாதிசனம்தான் போ' என்று சமாதானமாகிவிட்டார்.

ரசிகர்கள் கச்சேரியில் கையில் பிடித்து ஆட்டுகிற உருண்டை விளக்குக்கு 'ஆர்மி பாம்' என்று பெயர். டவுன் பஸ்ஸில் ஒரு பெண் போனில், 'ஏய், ஆர்மி பாம் பார்சல்ல வந்துடுச்சுடி, பையிலதான் வெச்சிருக்கேன்' என்று சத்தமாகச் சொன்னால் பக்கத்து சீட்டுக்காரர் இறங்கி ஓடமாட்டாரா? (பிள்ளைகளே, பஸ்ஸிலும் ரயிலிலும் தயவுசெய்து 'விளக்கு' என்று சொல்லிப் பழகுங்கள்!) நட்சத்திரங்களின் படம் போட்ட சின்ன அட்டைக்கு, அதாவது போட்டோ கார்டுக்கு, சுருக்கமாக 'பி.சி.' ஒரு வீட்டில் மகள், 'அப்பா, எனக்கு பி.சி. வாங்கணும், ஐந்நூறு ரூபா ஆகும்' என்று கேட்க, அப்பா பதறிப் போய், 'சாதி சர்டிபிகேட்டுக்கு எவன்டா ஐந்நூறு கேட்டது? நம்ம பி.சி. சர்டிபிகேட்டு போன வருஷமே வாங்கி பீரோவுல இருக்குதே!' என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கும்தான். ஆனால் எல்லாக் குழப்பமும் சிரிப்பில் முடிவதில்லை சகோதரிகளே.

கொரியாவில் ஆண்கள் எல்லோரும் கட்டாயம் ராணுவத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று சட்டம். பி.டி.எஸ். குழுவில் மூத்தவர் பெயர் ஜின். 2022 டிசம்பரில் முதல் ஆளாக அவர் ராணுவத்துக்குப் போனார். பிறகு ஒவ்வொருவராகப் போய், 2025 ஜூனில் ஏழு பேரும் பணியை முடித்துவிட்டார்கள். அந்த 2022 டிசம்பரில், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பெண் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தாள். அம்மா அவள் நோட்டைப் பிரித்துப் பார்த்தால், 'ஜின் இல்லாமல் எப்படி இருப்பேன்' என்று எழுதியிருக்கிறது. சாராயக்கடைப் பெயராக இருக்கிறதே என்று முதல் அதிர்ச்சி. 'யாருடி அது?' என்று கேட்டதற்கு, 'அவன் ஆர்மிக்குப் போயிட்டான்மா' என்று தேம்பியிருக்கிறாள். அவ்வளவுதான். எந்த ஊர்ப் பையன், என்ன சாதி, எத்தனை நாளாகப் பழக்கம் என்று அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றிக் கேட்க, அந்தப் பெண் ஒண்ணும் புரியாமல் விழிக்க, அதையே திமிர் என்று நினைத்து அடியும் விழுந்தது. போனைப் பிடுங்கி வைத்தார்கள். 'படிப்பை நிறுத்து, மாப்பிள்ளை பாரு' என்கிற வரைக்கும் பேச்சுப் போய்விட்டது.

ரெண்டு நாள் கழித்து அவள் அக்கா முறையில் ஒருத்தி வந்து, ஜின் யார், ஆர்மி எது என்று விளக்கினாள். வீடே சிரித்தது. கல்யாண வீடு, காது குத்து எங்கே போனாலும் இன்றைக்கும் அந்த அம்மா இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். கேட்கிறவர்களும் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் மட்டும் சிரிப்பதில்லை. முன்னெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வைக்காமலே நடந்ததை எல்லாம் ஒப்பிக்கிற பிள்ளை. இப்போது, 'சாப்டியா?' என்றால் 'ம்'. 'பரீட்சை எப்படி?' என்றால் 'ம்'. அவ்வளவுதான் பேச்சு. 'எது சொன்னாலும் தப்பாத்தான் எடுத்துக்குவாங்கக்கா, எதுக்குச் சொல்லணும்?' என்று என்னிடமே ஒரு நாள் சொன்னாள். நெஞ்சைப் பிசைந்தது. கைவலி ரெண்டு நாளில் போய்விட்டது. பேச்சு மூன்று வருஷமாகத் திரும்பி வரவில்லை!

பேச்சு நின்றுபோன வீட்டில் பிள்ளை மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? 2024 ஜனவரியில் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எங்கள் பக்கத்து மாவட்டமான கரூரில் எட்டாவது படிக்கிற மூன்று பெண் பிள்ளைகள், இந்த பி.டி.எஸ். குழுவைப் பார்ப்பதற்காகக் கொரியாவுக்கே போவது என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். கையில் சேர்த்து வைத்த பணம் 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவதாகத் திட்டம். நல்ல வேளை, காட்பாடி ரயில் நிலையத்தில் போலீசார் பார்த்து மீட்டார்கள். அந்தப் பிள்ளைகளையோ பெற்றவர்களையோ நான் குறை சொல்ல வரவில்லை. பெற்ற வயிறு அந்த நாட்களில் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

நான் யோசித்தது இதைத்தான். ரசிகைகள் பாஷையில் 'ஷிப்' என்று ஒரு சொல் உண்டு. 'ரிலேஷன்ஷிப்' என்பதன் வாலை மட்டும் நறுக்கி எடுத்தது. ரெண்டு பேர் ஜோடி சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுவதற்குத்தான் 'ஷிப் பண்றேன்' என்பார்கள். நம் காதில் கப்பல் என்று விழும். அவர்கள் மனதில் ஜோடி. அதே கப்பல் ஒரு நாள் நிஜக் கப்பலாகவே பிள்ளைகள் மனதில் ஏறிவிட்டால், எது விளையாட்டு, எது வினை என்று நமக்கு எப்படித் தெரியும்? அர்த்தம் தெரிந்தால்தானே தெரியும்!

'இதுக்கெல்லாம் ஒரே மருந்து, போனைப் பிடுங்கி அடுப்புல போடு' என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். போனுக்கு நேரம் வைப்பது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் போனைப் பிடுங்கினால் போன்தான் நம் கைக்கு வரும், சொல் வராது. சொல் பிள்ளையின் மனதிலேயே இருக்கும். பள்ளிக்கூட பெஞ்சில், தோழியின் காதில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் அது வளர்ந்துகொண்டே இருக்கும். நம் காதுக்கு மட்டும் வராது. 

இன்னும் சிலர், 'அதுங்க பேசறது நமக்கெங்கே புரியப் போவுது, நாம என்ன காலேஜா படிச்சோம்?' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அக்கா, எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள் 'கேரட்' என்றால் ரசிகை என்று? எம்.ஏ. படித்தவருக்கும் இது தெரியாது, எட்டாவது படித்தவருக்கும் தெரியாது. கேட்டவருக்குத்தான் தெரியும். இதில் நமக்கு வெட்கம் எதற்கு?

அதனால் என் யோசனையைச் சொல்கிறேன், பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை புதிதாக ஒரு சொல் சொன்னால், முகத்தை மாற்றாமல் அர்த்தம் கேளுங்கள். போலீஸ் விசாரணை மாதிரி கேட்கக் கூடாது. பூ கட்டும்போது, துணி மடிக்கும்போது, தலை பின்னிவிடும்போது சாதாரணமாகக் கேட்க வேண்டும். தலை பின்னும்போது பிள்ளை நம் முகத்தைப் பார்க்காது, நாமும் அதன் முகத்தைப் பார்க்க மாட்டோம். அதனாலேயே நிறையப் பேசும்! சொன்னதைக் கேட்டுவிட்டு, 'இதுவா பெரிசு' என்று சொல்லிவிடாதீர்கள். பதிலுக்கு நம் சொல் ஒன்றைக் கொடுங்கள். அவள் 'ஆர்மி' சொன்னால் நாம் 'நதியா வளையல்' கதையைச் சொல்லலாம். கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் உறவு.

அர்த்தம் தெரிந்துகொண்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் தெரியும். கேரட், எஞ்சின், பயஸ் இவற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அதே ரசிகர் உலகத்தில் 'சாசேங்' என்று ஒரு சொல் உண்டு. நட்சத்திரங்களின் சொந்த வாழ்க்கைக்குள் புகுந்து, போகிற இடமெல்லாம் துரத்துகிறவர்களைச் சொல்வது. கொரியாவிலேயே மற்ற ரசிகர்கள் அவர்களை மதிப்பதில்லை. அந்தச் சொல் பெருமையாகப் பிள்ளை வாயில் வந்தால் உட்கார வைத்துப் பேசலாம். 'பி.சி.' என்று அடிக்கடி பணம் கேட்டால், அட்டைக்கு இவ்வளவு செலவு தேவையா என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். சொல்லே தெரியாதவர் எதைக் கண்டிக்க முடியும்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ பாட்டியோ தப்பாகப் புரிந்துகொண்டால் சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சேர்ந்து சிரியுங்கள். 'உனக்கு ஒண்ணும் தெரியாது, போம்மா' என்று சொல்லி உங்கள் தோழிகள் நடுவில் அவர்களைக் கேலிப் பொருள் ஆக்காதீர்கள். வீட்டு ஆண்களும் இதைக் கவனிக்க வேண்டும். 'உங்க அம்மா கேரட்டைப் பொரியல்னு நெனச்சுட்டா' என்று விருந்தாளி முன்னால் சொல்லிச் சிரிக்கிறவருக்கு, 'ஸ்டே' என்றால் என்ன என்று தெரியுமா? கேட்டுப் பாருங்கள், லாட்ஜ் என்பார்! நேற்றுப் பிறந்த ஒரு சொல் தெரியாதது குறையில்லை. நிலாவில் இறங்கிய விக்ரம் யார் என்று பெரியம்மாவுக்குச் சொன்ன அந்த ஆறாம் வகுப்புப் பெண் மாதிரி, பொறுமையாக ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை உங்கள் 'ஜின்' பாடும்போது, 'அடியே, உன் ஆளு வந்துட்டான், ஓடி வா' என்று அம்மாவே கூப்பிடுவார்.

இன்றைக்கு ஆர்மி, கேரட். பத்து வருஷம் கழித்து வேறு ஏதோ ஒரு சொல், வேறு ஏதோ ஒரு தேசத்திலிருந்து வரும். அன்றைக்கும் அது நம் மிளகாய்த்தூளோடோ ரேஷன் கார்டோடோ மோதத்தான் போகிறது. சொற்கள் மோதட்டும், நாமும் பிள்ளைகளும் மோதிக்கொள்ள வேண்டாம்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் வீட்டுப் பிள்ளை கடைசியாகச் சொன்ன புரியாத சொல் எது? இன்றைக்குச் சாயங்காலமே கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். எல்லோரும் சேர்ந்து சிரிப்போம், சேர்ந்தே கற்றுக்கொள்வோம்.

- ஓர் இல்லத்தரசி, ஈரோடு.